ஆடாமல் நிற்க, ஆடித்தான் பழக வேண்டும்

"அக்கா, அம்மாவுக்கு இடது கால்ல பலம் வந்துருச்சுன்னு பிசியோவே சொல்லிட்டாங்க. ஆனா பிடிக்காம நிக்கச் சொன்னா ஆடுறாங்க. பலம் இருந்தும் ஏன் ஆடணும்?"

பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் தே குடிக்க உட்கார்ந்த இடத்தில், தெரிந்த தம்பி ஒருவர் கேட்டது. அம்மாவுக்கு 68 வயது. ஸ்ட்ரோக் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. சரியான கேள்வி. காலில் பலம் வந்துவிட்டால் நிற்கும் திறனும் தானாக வந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பதிலைக் காட்ட ஆள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். "தே இழுக்கிறவரைப் பாருங்க தம்பி. கையை விட்டுடுங்க, காலைப் பாருங்க" என்றேன்.

வலது கை குவளையோடு தலைக்கு மேலே போகிறது. இடது கை இடுப்புக்குக் கீழே ஏந்தி நிற்கிறது. நடுவில் பழுப்பாக ஒரு கோடு. எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கை மேலே கிளம்பும் முன்பே அவருடைய தொடையின் பின்தசை இறுகிவிடுகிறது. கை உயர்ந்தால் உடம்பின் எடை முன்னால் நகரும் என்று மூளைக்குத் தெரியும். நகர்ந்த பிறகு சமாளிப்பதில்லை, நகரும் முன்பே ஈடு கட்டிவிடுகிறது. 1967இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் தசைகளில் ஓடும் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து இதைக் காட்டினார்கள். கை தூக்கச் சொன்னால், தோளுக்கு முன்னால் கால்தான் வேலையைத் தொடங்குகிறது. இடைவெளி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தவழ்ந்து, எழுந்து, நூறு தடவை தொப்பென்று விழுந்து நாமே பழகிக்கொண்டது.

ஸ்ட்ரோக் பல பேருக்கு இந்த முன்னேற்பாட்டைத்தான் கெடுக்கிறது. கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கச் சொன்னால் அம்மா நன்றாகவே தூக்குவார். தசையில் பலம் இருக்கிறது. ஆனால் நின்றபடி அலமாரிக்குக் கை நீட்டினால், இடது கால் இறுகுவதற்குள் உடம்பு சாய்ந்துவிடுகிறது. பலம் வருகிறது, நேரத்துக்கு வருவதில்லை. படுத்துக்கொண்டு எத்தனை முறை காலைத் தூக்கினாலும் அந்த நேரக்கணக்கு திரும்பாது. நின்றுதான் பழக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. உடம்பு எங்கே நிற்கிறது என்று மூளைக்குத் தகவல் மூன்று இடங்களிலிருந்து போகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். பாதத்திலிருந்து வரும் உணர்ச்சியை ஸ்ட்ரோக் மழுங்கடித்திருக்கலாம். அதற்கு முன்பே இனிப்புநீர் அந்தப் பாதத்தைப் பாதி மரக்கவைத்திருக்கவும் கூடும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நீண்டநாள் நீரிழிவு பாத நரம்பையும் கெடுக்கும், கண்ணின் விழித்திரையையும் கெடுக்கும். மூன்றில் இரண்டு போய்விட்டால் மிச்சம் உள்காது ஒன்றுதான். ஸ்ட்ரோக்கிலிருந்து தேறும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை யாரும் சேர்ப்பதில்லை என்பது என் குறை.

பாத உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, இடது கால் பெருவிரலின் இரு பக்கத்தையும் பிடித்து மெல்ல மேலேயோ கீழேயோ அசையுங்கள். எந்தப் பக்கம் என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அவர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் ரோம்பர்க் கவனித்ததும் இதுதான்: பாத உணர்ச்சி கெட்டவர்கள் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார்கள். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடும் அந்த நேரம், இரவில் விளக்குப் போடாமல் ஜம்பானுக்குப் போகும் அந்த நேரம், இரண்டும் அவருக்கு ஆபத்தான நேரங்கள். முகம் கழுவ உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி, வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு. செலவு பத்து இருபது வெள்ளிதான்.

தம்பி தேயைக் கீழே வைத்தார். "அப்ப நடக்க விடாம உட்கார வச்சிருக்கிறதுதான் சேஃப்டி இல்லையா அக்கா? விழுந்தா இடுப்பு உடைஞ்சிடுமே."

நான் சொல்ல வந்த விஷயமே அங்கேதான் இருக்கிறது. அன்புள்ள வீடுகளில்தான் இது நடக்கும். தண்ணீர் கேட்டால் மருமகள் ஓடி வருவார், ரிமோட் கேட்டால் பேரன் எடுத்துத் தருவான். அம்மா எழவே வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் நல்ல காலும் மெலிந்துவிடும். விழாமல் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, விழாமல் நிற்கத் தெரிந்த கொஞ்சத்தையும் பறித்துவிடுகிறோம். சமநிலை என்பது விழப்போகும் எல்லைக்குப் பக்கத்தில் போய், திரும்பி வந்து, மறுபடி போய்க் கற்கிற வித்தை. அந்த எல்லைக்கே போகாதவருக்கு அது திரும்பாது. போகும்போது கீழே விழாதபடி ஏற்பாடு செய்வதுதான் வீட்டாரின் வேலை.

முதல் நாளிலிருந்தே முடுக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவெர்ட் என்ற பெரிய ஆய்வில் மலேசியாவும் பங்கெடுத்தது. ஐந்து நாடுகள், 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக அளவில் நடமாடவைத்தவர்களில் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 விழுக்காடு. 2015இல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் வியப்பு. முதல் நாள் வீரம் வேண்டாம் என்று தெரிந்தது. தம்பியின் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

சரி, எப்படிப் பழக்குவது? சமையலறை போதும். மேடையைப் பார்த்தபடி அம்மாவை நிறுத்துங்கள். பின்னங்காலில் தொடும் தூரத்தில், வழுக்காத, கைப்பிடி வைத்த கனமான நாற்காலி. இடது பக்கம், அதாவது பலமற்ற பக்கம், நீங்கள். முன்னால் மேடை, பின்னால் நாற்காலி, பக்கத்தில் மகன். விழ இடமே இல்லை. இப்போது ஆடவிடுங்கள்.

முதலில் இரண்டு கையும் மேடையில். பிறகு ஒரு கை. பிறகு விரல்நுனி மட்டும். பிறகு கை மேடைக்கு மேல் தொடாமல் மிதக்கட்டும். கால்களும் அப்படித்தான்: அகட்டி, சேர்த்து, ஒன்றை அரையடி முன்னால் வைத்து, கடைசியில் ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மறு பாதத்தின் விரல். எடையை இடது காலுக்கு மாற்றி நிற்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பெரும்பாலோர் நல்ல காலிலேயே சாய்ந்து நிற்பார்கள், இடது கால் சும்மா கூடவே நிற்கும். வலப்பக்கம் இருக்கும் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து இடப்பக்க மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். தே இழுக்கிறவர் செய்கிற அதே வேலை. எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்? பத்துத் தடவையில் ஒன்றிரண்டு தடவை அவசரமாக மேடையைப் பிடிக்க வேண்டி வந்தால் சரியான அளவு. ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை என்றால் பயிற்சி சுலபமாகிவிட்டது, ஒரு படி கூட்டுங்கள்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதற்கு நிகரான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைத்து, இடது பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். அப்போதுதான் எழும்போது எடை அந்தக் காலுக்கும் போகும். மூக்கு கால்விரலுக்கு மேல் வரும் அளவுக்கு முன்னால் குனிந்து எழ வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் ஐந்து எண்ணி இறங்க வேண்டும். தொடக்கத்தில் கெட்டியான மெத்தை போட்டு நாற்காலியை உயர்த்தலாம், பழகப் பழகக் குறைக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். எழுப்பும்போது இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். வாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டு தளர்ந்து கிடக்கும். இழுத்தால் வரும் வலி மாதக்கணக்கில் போகாது, அந்த வலியே எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிடும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். தரை கூட்டும் நைட்டியும் குதிகால் பிடிப்பில்லாத ஜப்பான் சிலிப்பரும் அந்த நேரத்தில் வேண்டாம்.

சிலருக்கு வேறொரு சிக்கல். நேராக உட்காரவைத்தாலும் நல்ல கையால் தள்ளித் தள்ளி வாதம் வந்த பக்கமே சாய்வார்கள். நிமிர்த்தினால் எதிர்த்துத் தள்ளுவார்கள். வீட்டில் "பிடிவாதம்" என்பார்கள். பிடிவாதம் இல்லை. எது நேர் என்று உடம்புக்குள்ளிருந்து சொல்லும் உணர்வே கோணிப்போயிருக்கிறது. ஜெர்மனியில் கார்னாத் என்ற நரம்பியல் ஆய்வாளர் அளந்து பார்த்தபோது, அப்படிப்பட்டவர்கள் தங்கள் உடம்பு சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கும் நிலையைத்தான் நேர் என்று உணர்ந்தார்கள். ஆனால் கண்ணால் பார்க்கும் உலகம் அவர்களுக்கு நேராகவே தெரிகிறது. ஆகவே தள்ளி நிமிர்த்தாமல், கதவு நிலையைக் காட்டி "அந்தக் கட்டைக்கு நேரா வாங்கம்மா" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் சில மாதங்களில் இது சரியாகிவிடும்.

"மெஷின் வச்ச சென்டர் ஒண்ணு இருக்கு. மேலே பெல்ட்ல தொங்கவிட்டு டிரெட்மில்ல நடக்க வைக்கிறாங்க. காசு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் தம்பி. காசு இருந்தால் போகட்டும், கெடுதல் இல்லை. கடன் வாங்கிப் போக வேண்டாம் என்றேன். அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த லீப்ஸ் ஆய்வு 2011இல் வெளிவந்தது. தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடத்திய குழுக்களும், பிசியோ வீட்டுக்கே வந்து பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி தந்த குழுவும் ஓராண்டு முடிவில் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தன. மொத்தத்தில் 52 விழுக்காட்டினர் நடையில் ஒரு படி மேலே போயிருந்தார்கள். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. ஒரு குழுவுக்கு டிரெட்மில் பயிற்சியை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு, ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் தொடங்கினார்கள். அவர்களும் முன்னேறினார்கள். மூன்று மாதத்தில் வந்தது வந்ததுதான், இனி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் மூன்று மாதம் வேகமாக வரும், பிறகு மெதுவாக வரும்.

கூட்டமாகப் பழக விரும்பினால் பெட்டாலிங் ஜெயாவில் நாசாம், அதாவது மலேசிய தேசிய ஸ்ட்ரோக் சங்கத்தின் மையம் இருக்கிறது. தானே ஸ்ட்ரோக்கிலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கியது. தன்னைப்போல் இழுத்து நடக்கிற இன்னொருவரைப் பார்ப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது, அதை மகனால் தர முடியாது.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களிடம் பேசினால் மசாஜ் வராமல் இருக்காது. பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம், பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களுக்குப் பேர்போனது. இறுகிய தசைக்கு இதமாக இருக்கும், அம்மாவுக்கும் மனம் லேசாகும். போய்வரட்டும். வாதம் வந்த தோளை முறுக்க வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் மசாஜ் மேசையில் படுத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் சமநிலை ஒரு துளிகூட வளராது. பயிற்சிக்குப் பதிலாக மசாஜ் என்று கணக்குப் போடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் எனக்கு வருத்தம்.

வெளியே நடப்பது தனிப் பாடம். நூ சென்ட்ரல் மாலில் குளுகுளுவென்று மட்டமான தரை, தொடக்கத்துக்கு நல்லது. அங்கேயே நின்றுவிட்டால் போதாது. பிரிக்பீல்ட்ஸின் பழைய கடைவரிசைக் காக்கி லீமாவில் ஒவ்வொரு கடை வாசலும் ஒவ்வொரு உயரம். ஒரு படி ஏறி, நாலடி நடந்து, அரைப்படி இறங்கி, பூக்கடை வாளித் தண்ணீர் சிந்திய டைல்ஸைத் தாண்ட வேண்டும். நடைபாதையில் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் பட்டைகள் வேறு. அவற்றின் மேடு சில மில்லிமீட்டர்தான். ஒருவருக்கு வழி சொல்லும் அதே மேடு, பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாத ஒருவரின் விரலைத் தடுக்கிவிடும். பட்டையை ஒட்டி நடக்காமல் ஓரடி தள்ளி நடத்திக் கூட்டிப்போங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாதக்கால் முதலில்.

கூடவே பேசிப் பாருங்கள். "ராத்திரிக்கு என்ன சமைக்கலாம்மா?" என்று கேட்டதும் அம்மா நின்றுவிட்டுப் பதில் சொல்கிறாரா, நடந்துகொண்டே சொல்கிறாரா? சுவீடனில் 1997இல் ஒரு சின்ன ஆய்வு. முதியோர் விடுதியில் 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடையே முழுக் கவனத்தையும் வாங்கிக்கொள்கிறது என்பதற்கு அடையாளம். அப்படிப்பட்டவரை ரோட்டைக் கடக்கும்போது பேச்சில் இழுக்காதீர்கள். வீட்டுக்குள், பாதுகாப்பாக, பேசிக்கொண்டே நடக்கப் பழக்குங்கள்.

அம்மாவுக்கு என்னதான் ஆசை என்று கேட்டேன். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலில் சாமியைச் சுற்றிவர வேண்டுமாம். இதைவிட நல்ல இலக்கு எந்த பிசியோவும் எழுதித் தர மாட்டார். ஆனால் சுற்றுவது நேராக நடப்பதைவிடக் கடினம். விழுவது பல சமயம் திரும்பும்போதுதான், உள்பக்கக் காலைச் சுழற்றித் திருகும்போது. கடிகார முள்போல நாலைந்து சின்ன எட்டாக வைத்துத் திரும்பப் பழக்குங்கள். வலம் வருவதென்றால் எப்போதும் வலப்பக்கமே திரும்புவோம், வீட்டில் இடப்பக்கமும் பழகட்டும். அபிஷேகம் முடிந்த ஈரத்தில் வேண்டாம், கூட்டமில்லாத சாதாரண நாளில் போங்கள்.

அடுத்த தடவை பிசியோவைப் பார்க்கும்போது பெர்க் அளவுகோலில் அம்மாவுக்கு எத்தனை என்று கேளுங்கள். கனடாவில் கேத்தரின் பெர்க் 1989இல் வகுத்த 14 வேலைகள்: பிடிக்காமல் நிற்பது, தரையிலிருந்து பொருளை எடுப்பது, முழுச் சுற்றுத் திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று. மொத்தம் 56 புள்ளி. 45க்குக் கீழே என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். எண்ணைவிட, எந்த வேலையில் புள்ளி போயிற்று என்பதைக் கேட்டு அதைப் பழக்குங்கள். எழுந்ததும் கண் இருட்டினால் அது வேறு விஷயம். பிரஷர் மாத்திரை அளவை டாக்டர் பார்க்க வேண்டும், உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் எடுக்கச் சொல்லுங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, புதிதாகக் கை விழுவது என்றால் பயிற்சியெல்லாம் அப்புறம், 999.

"இவ்வளவு செஞ்சும் விழுந்துட்டா?"

விழலாம். இங்கிலாந்தில் பிராட்போர்டில் 108 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வீடு திரும்பிய ஆறு மாதத்துக்குள் 73 விழுக்காட்டினர் ஒருமுறையாவது விழுந்திருந்தார்கள். ஆகவே எழுவதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். விழுந்தவரை உடனே தூக்காதீர்கள். தலையில் அடிபட்டதா, இடுப்பு வலிக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். ஒன்றுமில்லை என்றால் நாற்காலியை அவர் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நல்ல பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, மண்டியிட்டு, நாற்காலியில் நல்ல கையை வைத்து, நல்ல காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். பிசியோ முன்னிலையில், மெத்தை விரித்து, நல்ல நாளிலேயே இதைப் பழகிவிடலாம்.

"கீழே படுக்கச் சொன்னா அம்மா பயந்துடுவாங்க அக்கா."

"முதல்ல நீங்க படுத்து எழுந்து காட்டுங்க தம்பி. இடது கையை பெல்ட்டுக்குள்ள சொருகிக்கிட்டு, இடது காலை ஊன்றாம."

தம்பி சிரித்தார். பிறகு தன் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு தே ஓ சொன்னார்.